கழுதை செட்டுக்கு ஆடாத உப்பு

உப்பளத்து மத்தியானம் உங்கள் இருவருக்கும் தெரியாது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், அது வேறு. வரப்பில் இறங்கி நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைதான். நம் நிழல் நம் காலடியில் போய் ஒளிந்துகொள்ளும். தூரத்தில் நடந்து போகிறவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது, கானல் தின்றுவிடும். சத்தமும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவன் கூப்பிட்டால் கேட்காது. எங்கோ நாலு பாத்தி தள்ளி யாரோ இருமுவது காதுக்குள் வந்து விழும்.

அந்த இடத்தில் நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பெண்ணை நாலு மாதம் கட்டிப் போட்டது. அவளால் புருஷன் செத்தான் என்று அழவும் முடியவில்லை, இருக்கிறான் என்று சிரிக்கவும் முடியவில்லை. இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் மரக்காணத்து அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். விடியும் முன்னே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துவிட வேண்டும். பத்து மணிக்கெல்லாம் கண் கூசும். அப்புறம் என்ஜின் கொட்டகையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்போம். கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடும் டீசல் என்ஜின் அங்கேதான் இருந்தது. அதை ஓட்டியவரை நாங்கள் என்ஜின்காரர் என்போம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய தம்பியும் எங்களோடு உப்பு வாரினான். ஆனால் அவன் தன்னை உப்பு வாருகிறவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கச்சேரி செட்டு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தான். சிலசமயம் பாண்டிச்சேரியில் கடலோர ஓட்டல்களில் வாசிக்கக் கூப்பிடுவார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் கேட்கிற பாட்டையெல்லாம் கேசட்டாகத் தேடி வாங்கி வந்துவிடுவான். பிஸ்கட் டின் ஒன்றில் பதினைந்து இருபது கேசட் சேர்த்து, கொட்டகைக் கழியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஆறு பேட்டரி போடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்றும் இருந்தது.

2004-ஆம் வருஷத்துச் சீசன் முழுக்க எங்களுக்குக் கஞ்சியோடு தொட்டுக்கொள்ள, எந்தப் பாட்டு பெரியது, எது வெறும் பேர் என்கிற சண்டைதான். ஒரு வார்த்தை புரியாத பாட்டுக்கு அப்படிச் சண்டை போட்டவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். பெயர் வாயில் நுழையாததால் அட்டைப் படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். தாடி வைத்தவர்கள் தாடி செட்டு. கழுத்தில் சங்கிலி போட்டவர்கள் சங்கிலி செட்டு. தனியாக கிதார் வாசித்த ஒருவனுக்கு ஒத்தக் கிதார்.

அந்த ஒத்தக் கிதார் இளம் வயதிலேயே செத்துப்போனவன். அவனைப் பற்றித் தம்பி ஒருநாள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"செத்ததாலதான் ணா அவனுக்கு இவ்ளோ பேரு. உசுரோட இருந்திருந்தா கெழவனாகி எங்கனா கல்யாண வீட்ல வாசிச்சிக்கினு இருப்பான். செத்தவனுக்கு எப்பவும் பேரு ஒரு சுத்து கூடத்தான்."

"அப்ப நீ செத்தா உனக்கும் பேரு வருமாடா?" என்று கேட்டது உப்புக் கூடை தூக்கும் ஒரு அம்மா. எங்களுக்கெல்லாம் மூத்தவர், வாய் சும்மா இருக்காது.

"நான் இருக்கும்போதே வரும், பாரு."

என்ஜின்காரருக்கு ஒரே அளவுகோல்தான். என்ஜினை ஓடவிட்டுப் பாட்டைப் போடச் சொல்வார். "என் என்ஜின விட ஒழுங்கா அடிக்கிறானா சொல்லு, ஒத்துக்கிறேன்" என்பார். காது வைத்துக் கேட்டுவிட்டு, "நாலாவது அடியில நழுவுறான் பாரு. இவனுக்குப் போயி ஊரே கூடுதா? சும்மா பேருடா" என்று தள்ளிவிடுவார். தம்பி தலையில் அடித்துக்கொள்வான். "உன் என்ஜினுக்கு ஒரு தாளம்தாண்ணா தெரியும்."

ஒருநாள் அவன் புதுக் கேசட் ஒன்று கொண்டுவந்தான். சட்டைப் பையிலேயே வைத்திருந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு எடுத்தான். முகத்தில் அப்படி ஒரு பளபளப்பு.

"இதான் ணா எல்லாத்துக்கும் மேல. இவங்களுக்கு அப்புறம்தான் மத்தவங்க."

பாட்டு ஆரம்பித்தது. பாடுகிறவன் அடித்தொண்டையிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தான். நான் சொன்னேன்: "யாரோ இவன் கால் மேல உப்பு மூட்டய போட்டுட்டாங்கடா." கூடைக்கார அம்மா விடவில்லை. "மூட்ட தூக்குற கழுத கூட இத விட சுருதியா கத்தும்." எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் கழுதை மாதிரியே கூடக் கத்திக் காட்டினேன். அதற்குக் கழுதை செட்டு என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

அவன் டேப்பை நிறுத்தினான். கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து வந்து, "நானும் யோசிச்சேன் ணா. நீ சொன்னதுதான் சரி. சும்மா பேரு. உள்ள சரக்கு இல்ல" என்றான். அதிலிருந்து கழுதை செட்டைத் திட்டுவதில் எங்களையெல்லாம் முந்திக்கொண்டான். யாராவது எதையாவது நன்றாக இருக்கிறது என்றால், "கழுத செட்டும்தான் நல்லா இருக்குதுன்னு ஒலகமே சொல்லுது, நம்ப முடியுதா?" என்பான். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மழையோடு அளம் மூடியது. டிசம்பரில் கடலோரக் குப்பம் ஒன்றில் கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு அவன் போனான். பாடகர்கள் வேனில் ஊர் திரும்பிவிட்டார்கள். டிரம்ஸைக் காலையில் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னதால், காவலுக்கு இவன் படகு நிறுத்துகிற கொட்டாயில் தங்கினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையைப் பற்றி உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள்.

என்ஜின்காரரும் நானும் ஒன்பது நாள் தேடினோம். பார்த்ததை எழுதப்போவதில்லை. அளத்தில் மீந்திருந்த உப்பை லாரியில் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் குழியில் உப்புப் போட்டுத்தான் மூடுவோம். என்ஜின்காரர் அந்த லாரி போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தக் குழியிலும் அவர் தம்பி இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

அலை கழிமுகம் வழியாக அளத்துக்குள்ளும் வந்திருந்தது. பாத்தியெல்லாம் சேறு. பிப்ரவரியில் சேறு வழிக்க இறங்கினோம். ஒற்றைச் செருப்புகள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம், இப்படி என்னென்னமோ கிடைத்தன. கழிமுகத்தை ஒட்டிய கடைசிப் பாத்தியில் அவனுடைய பெரிய டிரம் இருந்தது.

கவிழ்ந்து கிடந்தால்கூடப் பரவாயில்லை. அது நட்டநடுப் பாத்தியில், யாரோ அளவு பார்த்து வைத்தது போல, மேல்தோல் வானத்தைப் பார்க்க இருந்தது. சுற்றிலும் சேற்றில் ஒரு தடம் இல்லை, கொக்கு நடந்த தடம்கூட இல்லை. கீழ்த்தோல் கிழிந்திருந்தது. கிழிசலில் நீலத் துணி ஒன்று தெரிந்தது. சத்தம் அதிராமல் இருக்க டிரம்முக்குள் துணி அடைப்பார்கள். அவன் தன் மனைவியின் பழைய சேலையை அடைத்திருந்தான். என்ஜின்காரர் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தூக்குவது போல டிரம்மைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார்; மறுநாள் தம்பி வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரையும், உள்ளே இருந்த கேசட்டோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கொட்டகையில் தண்ணீர் முழங்கால் அளவுதான் ஏறியிருந்தது. மேலே தொங்கிய பிஸ்கட் டின் நனையவில்லை.

டிரம்மின் தோல்மேல் இருந்த கடல் தண்ணீர் காய்ந்து, மாவு தூவினாற்போல உப்புப் பூத்தது. நான் துடைக்கப் போனேன்.

"தொடாத" என்றார். "அவன் மேல பட்ட தண்ணி."

மார்ச் கடைசியில் அந்த வருஷத்து முதல் உப்பு வந்தது. அன்று மத்தியானம் கொட்டகையில் நாங்கள் இருவரும் கூடைக்கார அம்மாவும்தான். கஞ்சி குடித்து முடித்தோம். என்ஜின்காரர் எழுந்து, டின்னிலிருந்து தாடி செட்டை எடுத்துப் போட்டார். டிசம்பருக்குப் பிறகு முதல் பாட்டு.

டிரம்மேல் இருந்த உப்பு அசைந்தது.

முதலில் வெயிலில் கண் பூத்துப்போயிற்று என்று நினைத்தேன். இல்லை. பொடி உப்பு துள்ளித் துள்ளி நகர்ந்தது. யாரும் தொடவில்லை, காற்று இல்லை, என்ஜின் ஓடவில்லை. ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வந்தது, நடுவில் இருந்தது விலகி வழி விட்டது. பாட்டு அடங்கும்போது அடங்கியது, ஓங்கும்போது குதித்தது. பயத்தை மறைக்க எப்போதும் போல வாயைத் திறந்தேன்.

"பாருப்பா, உன் தம்பி தலையாட்டுறான்."

யாரும் சிரிக்கவில்லை. என்ஜின்காரர் மெதுவாகக் குனிந்து டிரம்முக்கு நேராக முகத்தை வைத்தார்.

அதோடு விட்டிருந்தால்கூட மறந்திருப்பார். அடுத்ததாகச் சங்கிலி செட்டைப் போட்டார். ஆடியது. ஒத்தக் கிதார் கொஞ்சம் ஆடியது. பிறகு, டேப்போடு வந்திருந்த கழுதை செட்டைப் போட்டார். ஒரு பொடிகூட நகரவில்லை. பாடுகிறவன் கத்துகிறான், உப்பு அப்படியே படுத்துக் கிடக்கிறது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

"அவன்தான் அத ஒத்துக்கவே மாட்டானே" என்றேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை அது, சந்தோஷம். அதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு லேசாகப் புரிந்தது.

மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கஞ்சி குடித்துக் கை கழுவியதும் என்ஜினை நிறுத்துவார். ஒவ்வொரு கேசட்டாகப் போடுவார். எதற்கு ஆடியது, எதற்கு ஆடவில்லை என்று பார்த்து எங்களுக்குச் சொல்வார். பழைய சண்டை மறுபடி ஆரம்பித்தது; தம்பியின் இடத்தில் டிரம் உட்கார்ந்திருந்தது. பக்கத்து அளத்துக்காரர்களுக்கும் செய்தி போய், தங்கள் வீட்டு சினிமாப் பாட்டுக் கேசட்டைக் கொண்டுவந்தார்கள். பெரிய பேர் எடுத்தவர்கள் பாட்டுக்கு உப்பு அசையாவிட்டால், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், வெறும் பேருதான்" என்று தொடையைத் தட்டுவார்கள். அசைந்துவிட்டால் எதிராளி தட்டுவான்.

கூடைக்கார அம்மா மட்டும் கூடையை முகத்துக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிடும். "உசுரோட இருந்தப்ப அவன் பேச்ச ஒருத்தனும் மதிக்கல. இப்ப ஜட்ஜ் ஆக்கிட்டீங்க" என்றது ஒருநாள்.

நான் பயந்த நாட்கள் பேட்டரி இறங்கிய நாட்கள். பாட்டு மெதுவாகும். பாடுகிறவனின் குரல் கட்டையாகி, ஆழத்துக்குப் போய், ஏதோ ஒரு பெரிய மிருகம் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல ஆகும். அப்போதுதான் உப்பு நன்றாக ஆடும். குதிக்காது; ஊர்ந்து ஊர்ந்து வட்டமாகக் கூடும். அந்த வட்டத்துக்கு நடுவே மட்டும் சுத்தமாக இருக்கும், யாரோ குனிந்து ஊதியது போல. வெளியே அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு வெள்ளை. இருட்டில் பயப்பட்டால் விளக்கை ஏற்றலாம். அந்த வெளிச்சத்தில் பயப்பட்டால் என்ன செய்வது? டிரம்முக்கு முதுகு காட்டி உட்கார என்னால் முடியாமல் போயிற்று.

அவன் மனைவி அப்போது மாமியார் வீட்டில்தான் இருந்தாள். பிறந்த ஊர் பிரம்மதேசம். கைக்குழந்தை, பெண் குழந்தை. என்ஜின்காரருக்குத் தனிக் குடித்தனம். தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்வாராம்: "இன்னிக்கு உன் ஊட்டுக்காரன் மூணு பாட்டுக்குத் தலையாட்டினான்மா." பொட்டை அழிக்கக் கூடாது. சாப்பிடும்போது ஒரு தட்டு தனியாக வைக்க வேண்டும். அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது, அவன் வந்து தேடினால் என்ன ஆகும்? அவர் கெட்டவர் இல்லை. அவள் தட்டில் ஒரு வாய்ச்சோறு குறைந்திருந்தாலும் கேட்பார். ஆனால் காரியம் செய்வதைப் பற்றி யார் வாயெடுத்தாலும் ஒரே பதில்தான்.

"தலையாட்டுறவனுக்கு எப்படிப்பா பிண்டம் வைப்பேன்?"

நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஏம்பா, அன்னிக்கு நான் சும்மா தமாசுக்குச் சொன்னது" என்றேன். "நீ தமாசுக்குச் சொன்ன. அவன் தமாசுக்கு ஆட்ல" என்றார். உண்மையில் அந்த உப்பு ஏன் ஆடுகிறது என்று எனக்கும் தெரியாது. தெரியாதவன் எப்படி மறுத்துப் பேசுவது?

ஆடி பிறந்தது. அமாவாசைக்குக் கடலில் இறங்கித் தர்ப்பணம் கொடுக்க ஊரில் எல்லா வீட்டிலும் ஏற்பாடு நடந்தது. அந்த வருஷம் கொடுக்க வேண்டியவர்கள் அதிகம். அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னால், மத்தியானம், ரோட்டுப் பக்கமிருந்து வரப்பு மேல் ஒரு உருவம் வந்தது. கால் இல்லை. இடுப்பில் இன்னொரு தலை இருந்தது. வருகிறது வருகிறது, கிட்டே வரவே இல்லை. கூடைக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் எழுந்து நின்றுவிட்டேன். கடைசி வளைவு திரும்பியபோதுதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வருவது தெரிந்தது.

அளத்துக்கு அவள் வந்ததே இல்லை. என்ஜின்காரர் பதறி எழுந்தார். "ஏம்மா, இந்த வெயில்ல புள்ளயத் தூக்கினு?"

"பாக்கணும் மாமா. நீங்களே பாத்துச் சொன்னா போதுமா? நான் பாக்க வேணாமா?"

குழந்தையைக் கூடைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு டிரம்முக்கு எதிரே உட்கார்ந்தாள். உள்ளே இருந்த நீலச் சேலையைப் பார்த்தாள். என்ஜின்காரர் தாடி செட்டைப் போட்டார். உப்பு ஆடியது. அவர் முகம் மலர்ந்தது. "பாரு, பாரும்மா."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் நம்பிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

"அவருக்குப் புடிக்காதது ஒண்ணு இருக்குதுன்னு சொல்வீங்களே. அதப் போடுங்க" என்றாள்.

கழுதை செட்டைப் போட்டார். பாடுகிறவன் கத்த ஆரம்பித்தான். உப்பு படுத்துக் கிடந்தது.

"பாத்தியா?" என்றார் என்ஜின்காரர். "இதுக்கு மட்டும் ஆட மாட்டான். அவன் புத்தி அப்படியே இருக்குது."

அவள் எழுந்துபோய் டேப்பை நிறுத்தினாள். கேசட்டை வெளியே எடுத்து, தன் விரலால் அதன்மேல் தடவினாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். மற்றக் கேசட்டுகளில் ஒட்டிய தாள் புதிதாக இருந்தது. இதில் தாள் பாதி தேய்ந்து, விரல் படும் இடம் வழவழவென்று ஆகியிருந்தது.

"இது மட்டும் ஏன் இப்படித் தேஞ்சி கெடக்குதுன்னு யாரும் கேக்கலியா மாமா?"

அவர் குனிந்து கேசட்டைப் பார்த்தார்.

"வீட்ல அவரு இத ஒண்ணத்தான் கேப்பாரு. காலைல எழுந்தா இதான், படுக்கும்போதும் இதான். டேப்ப இங்க எடுத்தாறுற நாள்ல கேக்க முடியலியேன்னு பக்கத்து வீட்ல போயி இரவல் வாங்கிக் கேப்பாரு. புள்ள வயித்துல இருந்தப்ப அது கேக்கட்டும்னு என் பக்கத்துல வச்சிப் போடுவாரு. அளத்துல எல்லாரும் சிரிச்சிட்டாங்க, அவங்க முன்னாடி நானும் சேந்து இதத் திட்டிட்டேன்னு என்கிட்டதான் சொன்னாரு. வெக்கமா இருக்குதுன்னு சொன்னாரு."

என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

"அவரா இருந்தா மாமா," என்றாள், "இதுக்குத்தான் மொதல்ல ஆடியிருப்பாரு. இங்க உக்காந்திருக்கிறது அவர் இல்ல."

என்ஜின்காரர் அந்தக் கேசட்டை வாங்கினார். தேய்ந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தார். வைத்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார். கூடைக்கார அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிற்று.

அடுத்து நடந்ததுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

டேப் ஓடவில்லை. கேசட் அவர் கையில் இருந்தது. என்ஜின் காலையிலேயே நின்றுவிட்டது. கொட்டகை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. டிரம்மேல் இருந்த உப்பு நகர்ந்தது. குதிக்கவில்லை. ஓரத்திலிருந்து மெதுவாக, ஒரே நேரத்தில், எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வந்து ஒரு பிடி அளவுக்குக் கூடி நின்றது.

என்ஜின்காரர் முகத்தை மூடியிருந்தார். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் "ஏம்பா, இங்க பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் தட்டு, அந்தப் பொட்டு, அந்தக் காத்திருப்பு எல்லாம் மறுபடி ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை அவளே அதற்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். என் வாயால் இரண்டு தடவை கெட்டது நடந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் குனிந்து, கூடியிருந்த உப்பை உள்ளங்கையால் வழித்து எடுத்தாள். முந்தானை ஓரத்தில் வைத்து முடிந்துகொண்டாள். தோல் வெறுமையாக, கறுப்பாகக் கிடந்தது.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றாள் என்னிடம், மெதுவாக.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அமாவாசைக்கு முன்பே காரியம் நடந்தது. உடம்பு இல்லாததால் டிரம்மை வைத்துச் செய்தார்கள். கழிமுகத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, நீலச் சேலையோடு அதை இறக்கினார்கள். அந்த வருஷத்து முதல் உப்பிலிருந்து ஒரு கூடை நான்தான் சுமந்து போய்க் கொட்டினேன். டிரம்மேல் உப்பு விழுந்த சத்தம் மழை மாதிரி இருந்தது. கேசட்டையும் போடலாமா என்று யாரோ கேட்டதற்கு அவள் வேண்டாம் என்றாள். அதைக் குழந்தைக்கு வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பிரம்மதேசத்துக்குப் போய்விட்டாள். அங்கே தையல் வேலை கற்றுக்கொண்டு, இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். என்ஜின்காரர் அடுத்த சீசனோடு அளத்தை விட்டுவிட்டார். நானும் 2006-இல் விட்டேன். மத்தியானத்தில் கொட்டகைப் பக்கம் போகப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நீங்கள் கேட்கிற எந்தப் பாட்டையும் நான் கிண்டல் செய்ததில்லை. "அப்பாவுக்கு எதப் போட்டாலும் புடிக்கும், டேஸ்ட்டே இல்ல" என்று இரண்டு பேரும் கேலி செய்வீர்கள். இருக்கட்டும். எந்தப் பாட்டு பெரியது, எது வெறும் பேர் என்று நான் சொல்லமாட்டேன்.

பெரியவளே, நீ பதினொன்றாம் வகுப்பில் படிக்கும்போது உன் இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்று சொல்லித் தந்தாய். ஒரு பொருள் அதிர்ந்தால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றும் கூட அதிரும், கட்டையான சத்தத்துக்குப் பெரிய தோல் ஆடும் என்றாய். நான் ஏன் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன் என்று உனக்கு அப்போது தெரியாது. தேய்ந்துபோன கேசட்டில் சத்தம் வலுவிழந்து போகுமா என்று கேட்டேன். போகும்பா என்றாய். அப்படியென்றால் அவன் ஆசை ஆசையாகக் கேட்டுக் கேட்டுத் தேய்த்ததால்தான் உப்பு அதற்கு ஆடவில்லை.

பாட்டே இல்லாமல் ஆடினால் என்று கேட்டேன். "ஈசிஆர் ரோட்டுல பெரிய லாரி ஏதாவது போயிருக்கும்பா. அந்த அதிர்வு தரை வழியா வரும்" என்றாய். நீ படித்தவள், அது சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அவள் அந்த உப்பை வழித்துக்கொண்டிருந்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கமேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு பாத்தி தள்ளி இருமினாலும் கேட்கிற இடம் அது. குழந்தை சிரிப்பது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.